ஆடையின் ஒழுங்கும் ஆளின் மாண்பும்

பள்ளியில் பணிபுரிவோர் கண்ணியமாக உடுத்தவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. கற்பிப்பவரின் தோற்றமும் மாணவருக்கு ஒரு பாடமே. ஆயினும், கண்ணியம் என்னும் சொல் நம் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் எப்பொருளில் வழங்குகிறது? ஆசிரியர்களுக்குச் சட்டையும் காற்சட்டையும் தூய்மையாக இருந்தால் போதும். ஆசிரியைகளுக்கோ சேலை ஒன்றே விதி. இது ஒழுங்கா, ஓரவஞ்சனையா?

சேலையே நம் பண்பாடு என்பர். சேலையின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால், பண்பாட்டைக் காக்கும் சுமையைப் பெண்ணின் தோளில் மட்டும் ஏற்றுவானேன்? பண்பாடே அளவுகோலாயின் ஆண்கள் வேட்டியில் வரவேண்டுமன்றோ? அதை எந்த நிர்வாகமும் கேட்பதில்லை. வெயிலின் பொருட்டு அங்கியைக் களைந்து, காற்சட்டையோடு பள்ளி அலுவலகத்தில் அமரும் குருக்கள், பேருந்து நெரிசலில் வந்து நாள் முழுதும் நின்று கற்பிக்கும் ஆசிரியைக்குச் சுடிதாரை மறுப்பது எவ்வகை நீதி?

தலைமைச் செயலக ஊழியருக்கு 2019இல் தமிழக அரசு வகுத்த ஆடை ஒழுங்கு, சேலையோடு துப்பட்டா அணிந்த சுடிதாரையும் தகுந்த உடையென ஏற்றது. ஆசிரியைகளைச் சேலை உடுத்தக் கட்டாயப்படுத்தலாகாது என 2021 நவம்பரில் கேரள உயர்கல்வித் துறை அறிவித்தது. அரசுகளுக்குப் புலப்பட்டது நமக்கு ஏன் புலப்படவில்லை?

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி துறவியின் காவி உடுத்தியபோது எழுந்த கண்டனம் சிறிதன்று. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவர் வழிமுறைக்கு இசைவளித்தார். நற்செய்தி எந்த ஒரு துணிக்கும் கட்டுப்பட்டதன்று என்பதை நம் திருச்சபை அன்றே கற்றது. தென் திருவிதாங்கூரிலோ, மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் பல்லாண்டு அடியும் அவமதிப்பும் ஏற்றனர். 1859இல் மன்னர் இசைந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்று விலக்கு வைத்தார். உடையால் ஆளைத் தரம்பிரிப்பது அதிகாரத்தின் பழைய வழக்கம்.

அவ்வழக்கம் நம் வளாகங்களிலும் தலைகாட்டுகிறது. ஆசிரியைக்கு ஒரு நிறம், வகுப்பறையைப் பெருக்கும் ஆயாவுக்கு வேறொரு நிறம் என்று சீருடை வகுக்கின்றோம். நல்லாடை உடுத்தியவனுக்கு இருக்கை தந்து, கந்தல் உடுத்தியவனை நிற்கவைக்கும் சபையை யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அக்கண்டனம் நமக்கில்லையா? போதாக்குறைக்கு, குறைந்த ஊதியம் பெறும் சுயநிதிப் பள்ளி ஊழியரே அச்சீருடையின் விலையையும் செலுத்தவேண்டியிருக்கிறது. உழைப்பு மனிதருக்காக, மனிதர் உழைப்புக்காக அல்லர் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் தம் சுற்றுமடலில் கற்பித்ததை மேடைகளில் மட்டும் முழங்கினால் போதுமா?

நாம் வேண்டுவது கட்டுப்பாடற்ற நிலை அன்று. விதி இருக்கட்டும், அது இருபாலருக்கும் ஒன்றாக இருக்கட்டும், ஊழியரோடு அமர்ந்து பேசி வகுக்கப்படட்டும், சீருடை கேட்கும் நிர்வாகமே அதன் விலையைத் தரட்டும். பங்கு மக்களே, உங்கள் பங்குப் பேரவைகளில் இதனைக் கேளுங்கள். பிள்ளைகள் ஆசிரியையின் முந்தானையை மட்டும் பார்ப்பதில்லை. அவரை நாம் நடத்தும் விதத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.