ஒரே கைக்கு ஏன் இத்தனை கூலி?

"நூறு நாள் வேலை வந்தபின் ஆளே கிடைப்பதில்லை" என்பது நம் வணிகப் பெருமக்களின் நெடுநாள் பல்லவி. சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஜவ்வாது மலையில் சாமை அறுப்பவரே கட்டட வேலைக்குத் திருப்பூரோ கேரளமோ போனால் கூடுதலாக வாங்குகிறார். கை அதேதான். அங்கே ஆள் தேடுபவர் பலர். இங்கே ஒருவரோ இருவரோ.

கடினமும் ஆபத்தும் கூலியை உயர்த்தும் என்பார்கள். 1776-ல் ஆடம் ஸ்மித்தும் ஏறத்தாழ இதையே எழுதினார். செம்மரம் வெட்டத் தரகர்கள் பெருந்தொகை காட்டியது அதனால்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் மாண்டனர். நம் மலைப் பகுதியினரும் அதில் உண்டு.

அப்படியும் ஏன் போனார்கள்? உள்ளூர்க் கூலி பேசித் தீர்வதல்ல, முன்பணத்தில் முடிந்துவிடுவது. கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் ஒழித்தது, முன்பணம் ஒழியவில்லை. புளிக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து அடிமாட்டு விலைக்கு எடுப்பவர் நம்மிலும் உண்டு. சொன்னால் கோபம் வரும்!

நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் 2025-26-ல் நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். அதற்குக் கீழே கூப்பிட்டால் யார் வருவார்? அந்தக் காசும் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில்தானே அரிசியும் எண்ணெயுமாக மாறுகிறது? கூலி குறைந்த மாதம் எது என்பதை நம் பற்று நோட்டே சொல்லும்.

புளி உடைப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் உரிய கூலியைப் பருவம் தொடங்குமுன் சங்கம் கூடி அறிவிக்கட்டும். முன்பணம் கொடுப்போர் கணக்குச் சீட்டும் எழுதிக் கொடுக்கட்டும்.