உபகாரமா, சம்பளமா?

மலேசியத் தமிழரும் சிங்கப்பூர்த் தமிழரும் 'உபகாரச் சம்பளம்' என்னும் சொல்லை நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். மாணவனின் படிப்புக்கென அரசோ, பல்கலைக்கழகமோ, அறநிலையமோ அளிக்கும் தொகைக்கு அது பெயர். உபகாரம் என்பது கைம்மாறு கருதாத உதவி. சம்பளம் என்பது உழைப்புக்குரிய கூலி. ஒன்றோடொன்று ஒட்டாத இவ்விரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவைத்தவர் யாரோ, அறியோம். அவர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வருமானவரிச் சட்டத்தைப் படித்திருக்கமாட்டார். ஆயினும் அச்சட்டம் ஆய்வு மாணவனை நடத்தும் முறைக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது. வரி வாங்கும் வேளையில் அவன் பெறுவது சம்பளம். உழைப்பாளியின் உரிமையை அவன் கேட்கும் வேளையில் அதுவே உபகாரம்.

தொடக்கத்தில் இந்நிலை இல்லை. 1954ஆம் ஆண்டின் அமெரிக்க வரிச் சட்டத்தில் 117ஆம் பிரிவு, பட்டத்திற்குப் பயிலும் மாணவன் பெறும் உதவித்தொகைக்கு வரிவிலக்கு அளித்திருந்தது. 1986இல் அதிபர் ரேகன் கையொப்பமிட்ட வரிச் சீர்திருத்தச் சட்டம் அவ்விலக்கைச் சுருக்கிற்று. பாடக்கட்டணம், கட்டாயமாக வாங்கவேண்டிய நூல்கள், கருவிகள் ஆகியவற்றுக்குச் செல்லும் பகுதி மட்டும் தப்பியது. மாணவன் உண்ணும் சோறும் உறங்கும் அறையும் வரிக்குரிய வருமானமாயின. வரிவிகிதத்தைக் குறைப்பதற்காக வரியின் பரப்பை விரிக்கிறோம் என்று அன்று காரணம் கூறினர்.

இதனை ஆதரிப்போர் ஒரு வினா எழுப்புவர். ஆண்டுக்கு 30,000 டாலர் பெறும் எழுத்தன் வரி கட்டுகையில், அதே 30,000 டாலர் பெறும் மாணவன் மட்டும் ஏன் கட்டலாகாது? நேர்மையான வினாதான், தட்டிக்கழித்தல் தகாது. ஆனால் எழுத்தனுக்குக் கிடைப்பவை யாவும் மாணவனுக்கும் கிடைக்கின்றனவா? எழுத்தனின் வரியை முதலாளி மாதந்தோறும் பிடித்துக் கட்டிவிடுகிறார். கற்பித்தல் பணிக்கெனச் சம்பளம் பெறாமல் ஆய்வு உதவித்தொகை மட்டும் பெறும் அமெரிக்க மாணவனிடம் முழுத்தொகையும் கொடுக்கப்படுகிறது. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், மறு ஜனவரி என நான்கு தவணைகளில் அவனே கணக்கிட்டுக் கட்டவேண்டும். தவறினால் தண்டம். குறைந்த ஊதியக்காரர்க்கு அந்நாடு தரும் வரிச்சலுகையை அவன் கேட்டால், உன் தொகை உழைத்து ஈட்டியதன்று என்கிறது அதே சட்டம். முதுமைக்கென வரிச்சலுகையுடன் சேமிக்கும் கணக்கில் அத்தொகையைப் போடுவதற்குக்கூட 2019ஆம் ஆண்டு இறுதியில் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கற்பிக்கும் மாணவர் நிலையோ இன்னொரு வேடிக்கை. பிரவுன் பல்கலைக்கழக வழக்கில் 2004ஆம் ஆண்டு தொழிலுறவு வாரியம் அவர்களைத் தொழிலாளர் அல்லர் என்றது. கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் 2016ஆம் ஆண்டு தொழிலாளரே என்றது. இவ்விரு தீர்ப்புக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளிலும் வரித்துறைக்கு மட்டும் எள்ளளவும் ஐயம் எழவில்லை.

2017 நவம்பரில் பேராசை எல்லை கடந்தது. அமெரிக்கக் கீழவை நிறைவேற்றிய வரி மசோதா, கற்பித்தலுக்கும் ஆய்வுப் பணிக்கும் ஈடாகப் பல்கலைக்கழகம் விட்டுக்கொடுக்கும் பாடக்கட்டணத்தையும் வருமானமாகக் கருத முற்பட்டது. ஒருவன் கையில் பெறுவது 30,000 டாலர். தள்ளுபடியான கட்டணம் 40,000 டாலர் என்று வைத்துக்கொள்க. அவன் 70,000 டாலர் ஈட்டியவனாகக் கருதப்பட்டு வரி செலுத்த வேண்டும். அந்த 40,000 டாலரில் ஒரு காசையேனும் அவன் கண்ணால் கண்டதுண்டா? இங்குள்ள பள்ளிகளில் மாணவனுக்குப் பாடநூல் இரவலாகக் கொடுக்கப்படுகிறது. அந்நூல்களின் விலையைக் கூட்டி, தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அவன் தந்தையின் வருமானத்தில் எழுதினால் எப்படியிருக்கும்? அவ்வாறே இருந்தது அம்மசோதா. நவம்பர் 29ஆம் நாள் பல வளாகங்களில் மாணவர்கள் வகுப்பையும் ஆய்வுக்கூடத்தையும் விட்டு வெளியேறினர். டிசம்பர் 22ஆம் நாள் சட்டமானபோது அப்பகுதி அதில் இல்லை. கூச்சலிட்டதால் பிழைத்தனர்.

கூச்சலிட இயலாத ஒருவன் உண்டு. அவன் ஈப்போவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சென்ற மாணவன்.

ஒரே ஆய்வுக்கூடத்தில் மூவர் பணிபுரிவதாகக் கொள்வோம்: ஒருவன் மதுரைத் தமிழன், ஒருவன் ஈப்போத் தமிழன், ஒருவன் சீன நாட்டான். மூவரும் அங்கு வந்து ஐந்தாண்டு நிரம்பாதவர்; ஆகவே வரிச்சட்டத்தின் கண்ணில் அந்நாட்டில் வசியாதவர். மூவர்க்கும் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை 30,000 டாலர். 1984இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி சீன மாணவனின் உதவித்தொகைக்கு அமெரிக்காவில் வரியில்லை. 1989ஆம் ஆண்டின் உடன்படிக்கையின்படி இந்திய மாணவன் அமெரிக்கக் குடிமகனைப் போலவே பொதுக் கழிவைப் பெறலாம். 2024இல் அது 14,600 டாலர். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே கப்பல், வானூர்திப் போக்குவரத்துக்கென ஓர் உடன்பாடு உண்டு. முழுமையான வருமானவரி உடன்படிக்கை இல்லை. சிங்கப்பூரின் நிலையும் அஃதே. விளைவு யாது? வேறு கழிவுகள் இல்லையெனில், 2024ஆம் ஆண்டின் விகிதப்படி மதுரைத் தமிழன் கூட்டரசுக்குச் செலுத்துவது 1,616 டாலர். ஈப்போத் தமிழன் செலுத்துவது 3,368 டாலர். அதுவும் போதாதென்று, அவன் தொகையில் நூற்றுக்குப் பதினான்கு வீதம் முன்னரே பிடிக்கப்படும். அஃதாவது 4,200 டாலர். மிகுதியை மீட்க மறு ஆண்டு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கவேண்டும். இருவரும் பேசுவது ஒரே தமிழ். செய்வது ஒரே ஆய்வு. கடப்பிதழின் நிறம் ஒன்றே வேறு.

மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் உபகாரச் சம்பளத்துக்கு விலக்களிக்கிறது. பிரிட்டனும் முழுநேர மாணவனின் உதவித்தொகையில் கைவைப்பதில்லை. இந்நாடுகளின் கருவூலங்கள் அதனால் வற்றிப்போயினவா?

அமெரிக்கச் சட்டத்தைத் திருத்துவது அமெரிக்கர் பொறுப்பு. உடன்படிக்கை கேட்பது கோலாலம்பூரின் பொறுப்பு, சிங்கப்பூரின் பொறுப்பு. கப்பலுக்கும் வானூர்திக்கும் மேசையில் அமர்ந்து பேசியவர்களுக்கு, அவற்றில் ஏறிச் சென்ற மாணவனைப் பற்றிப் பேச நா எழாதது ஏன்? இனி, தமிழர் சங்கங்களின் செயல் சற்று நகைப்புக்குரியது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மாணவனுக்கு மண்டபம் எடுத்து, மாலையிட்டு, பொன்னாடை போர்த்தி, மும்மணி நேரம் பேசி அனுப்புகின்றன. அவன் கையிலுள்ள கடிதத்தில் எழுதிய தொகையில் எவ்வளவு கைக்கு வரும் என்று கணக்கிட்டுச் சொல்ல அம்மேடையில் ஒருவரும் இல்லை. மகனின் விமானச் சீட்டுக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்த தாய் 30,000 டாலரையும் முழுமையாக நம்பியிருக்கிறாள். முதல் மாதத் தொகை குறைந்து வந்ததும் மகன் ஊதாரியாகிவிட்டானோ என்று அவள் கேட்கிறாள். அவனும் விளக்கத் தெரியாமல் தொலைபேசியை வைத்துவிடுகிறான்.