பின்பக்க ஸ்வே பார்: முதல் செலவா, கடைசிச் செலவா?

காருக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று கை பரபரக்கும் இளைஞர்களுக்கு இணையம் அள்ளிக் கொடுக்கும் யோசனைகளில் ஒன்று, "பின்பக்கம் தடியான ஸ்வே பார் போடு" என்பது. மற்ற மாற்றங்களோடு ஒப்பிட்டால் விலை குறைவு. சில போல்ட்களைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. மாட்டிய அன்றே வித்தியாசம் தெரியும். சரி, அது அப்படி என்னதான் செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "பிடிப்பு கூடும்". அங்கேதான் கோளாறு.

ஸ்வே பார் என்பது 'ப' வடிவத்தில் வளைத்த எஃகுக் கம்பி, அவ்வளவுதான். நடுப்பகுதி காரின் அடிப்பாகத்தில் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கும். இரண்டு முனைகளும் இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு சேர்ந்திருக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் கம்பி சும்மா சுழலும். வளைவில் கார் சாயும்போது ஒரு சக்கரம் மேலே போகும், இன்னொன்று கீழே வரும். அப்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கத்தின் எதிர்ப்புதான் சாய்வைக் குறைக்கிறது. ஈரத் துணி பிழிவதைப் போலத்தான். கைக்குட்டையை யாரும் பிழிந்துவிடலாம், ஜமுக்காளத்தைப் பிழிந்து பார்த்தால் தெரியும்!

இந்தக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 19 மில்லிமீட்டர் கம்பியைக் கழற்றிவிட்டு, மற்ற அளவுகள் மாறாமல், 22 மில்லிமீட்டர் கம்பி போட்டால் விறைப்பு ஏறக்குறைய 80 சதவீதம் கூடுகிறது. "மூணு மில்லிமீட்டர்தானே" என்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

இனி பிடிப்பு. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எவ்வளவு எடை மாறும் என்பதைக் காரின் எடை, புவியீர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளையும் வேகம் ஆகியவையே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஸ்வே பார் அந்த மொத்தத்தை மாற்றுவதில்லை. முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது மட்டுமே அதன் வேலை. ஒரு டயரின் மேல் எடையை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதற்குக் குறைவாகத்தான் கூடும். ஆகவே பின்பக்கம் பார் தடித்தால் பின்பக்க வெளிச்சக்கரம் கூடுதல் சுமையை வாங்கிக்கொள்ளும், பின் அச்சின் மொத்தப் பிடிப்பு குறையும், முன் அச்சு அந்த அளவுக்கு இளைப்பாறும். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

முன்சக்கர இயக்கக் கார்களில் இந்தப் பரிமாற்றம் இனிக்கிறது என்பது உண்மை. அவற்றை ஸ்டீயரிங் திருப்பிய அளவுக்கு வளையாமல் நேராகப் போகப் பார்க்கும்படிதான் தொழிற்சாலையில் அமைக்கிறார்கள். இதை அண்டர்ஸ்டீர் என்பார்கள். பின் பார் அதைக் குறைக்கிறது, கார் சுறுசுறுப்பாகத் திரும்புகிறது. ஆனால் அந்த மந்தம் அறியாமையால் வந்ததல்ல. பயந்துபோன ஓட்டுநர் வளைவின் நடுவில் செய்யும் முதல் காரியம், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. அண்டர்ஸ்டீர் உள்ள கார் அப்போது வேகம் குறைந்து தானே வழிக்கு வரும். பின்பக்கம் விறைத்த கார் வால் வீசும். ஈரச் சாலையில் இன்னும் சீக்கிரம் வீசும்.

நிறுவனங்களே இதில் அடி வாங்கியிருக்கின்றன. பின்பக்க எஞ்சின் கொண்ட ஷெவர்லே கோர்வேர் 1960 மாடலாக வந்தபோது முன்பக்க ஸ்வே பார் இல்லாமல் வந்தது. 1964 மாடலில்தான் அது எல்லாக் கார்களிலும் சேர்ந்தது, பின் சஸ்பென்ஷனும் திருத்தப்பட்டது. 1965இல் ரால்ஃப் நேடரின் புத்தகம் இந்தக் காரை உலகப் பிரசித்தமாக்கியது. (1972இல் அமெரிக்க அரசின் ஆய்வு, அக்காலக் கார்களோடு ஒப்பிட்டால் கோர்வேர் மோசமில்லை என்றது வேறு கதை.) ஐரோப்பாவில் ஆடி டிடி அதிவேக விபத்துகளில் சிக்கியபின், 1999 கடைசியிலும் 2000 தொடக்கத்திலும் திரும்ப அழைக்கப்பட்டது. பின்பக்க ஸ்பாய்லர், மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, சஸ்பென்ஷன் மாற்றம் என்று கொடுத்ததெல்லாம் காரின் போக்கை அடக்கத்தான். பொறியாளர் படையே தடுமாறிய இடத்தில், ஒரு ஸ்பானரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும் என்று நினைப்பது அதிகப்படியான தைரியம்.

"இப்போதுதான் மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறதே" என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2012 மாடல் முதல் கார்களில் அது கட்டாயம். ஆனால் அது தொழிற்சாலை பாரை வைத்துச் சீரமைக்கப்பட்டது. தவிர, மாணவர்கள் கைக்கு வருபவை பெரும்பாலும் அது இல்லாத பழைய கார்கள். 1990களின் ஹோண்டா சிவிக், அக்யூரா இன்டெக்ரா போன்றவற்றில் தடித்த பின் பாரின் இழுப்பு தாங்காமல் அடித்தகடு கிழிந்து, வலுவூட்டும் தகடுகள் தனியே விற்பனைக்கு வந்த சங்கதியும் உண்டு.

அப்படியானால் போடவே கூடாதா? போடலாம். ஆட்டோகிராஸ் ஓடுபவருக்கு, கூம்புகளுக்கு நடுவே வால் வீசினாலும் இடிக்க ஒன்றுமில்லாத திடலில், இது அருமையான கருவி. ஆனால் வரிசை முக்கியம். முதலில் நல்ல டயர், சரியான காற்றழுத்தம். பிறகு தேய்ந்த புஷ், களைத்த ஷாக் அப்சார்பர். பார் அதற்கும் பிறகு. அதிலும் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் துளைகள் உள்ளதை வாங்கி, மிருதுவான துளையில் தொடங்குவது நல்லது.

இன்னொன்று. காரை மாற்றியவருக்கு அதன் புதுக் குணம் தெரியும். மழை நாளில் சாவியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போகும் அம்மாவுக்கோ தம்பிக்கோ தெரியாது, நாளை அதை விலைக்கு வாங்குபவருக்கும் தெரியாது. சாய்வு குறைந்த கார் தன் எல்லை நெருங்குவதையும் குறைவாகவே காட்டிக்கொடுக்கும். ஆகவே சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும், பழைய பாரையும் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விற்கும்போது அதைத் திரும்ப மாட்டிக் கொடுப்பதுதான் மரியாதை.