முதல் எட்டு மணி நேரம்

புத்ரா ஹைட்ஸ் எரிவாயுக் குழாய் தீவிபத்து எழுப்பிய கேள்விக்கு வட சிலாங்கூருக்கும் விடை வேண்டும்: தீக்காயமும் பலத்த அடியும் பட்டவரை முதலில் தொடும் தாதியருக்கு உரிய பயிற்சி இருக்கிறதா? 2025 ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாள் விடுமுறையில் நேர்ந்த அவ்விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அங்கே பெரிய மருத்துவமனைகள் அருகில் இருந்தன. பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறத்திலிருந்து ரவாங் கடந்து செலாயாங் மருத்துவமனைக்கோ சுங்கை பூலோ மருத்துவமனைக்கோ செல்வோரின் நிலை வேறு. பெரிய தீக்காயத்தில் முதல் 24 மணி நேரத்துக்குரிய திரவத்தில் பாதியை எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். அக்கணக்கு தீப்பட்ட நொடியில் தொடங்குகிறது, மருத்துவமனை வாசலில் அல்ல. காயத்தை இருபது நிமிடம் ஓடும் நீரில் குளிர்விப்பது, மூச்சுக்குழாய் வீங்குமுன் அறிகுறி காண்பது, எரிந்த பரப்பைக் கணிப்பது ஆகியவை பயிற்சி பெற்ற தாதியின் கையில் உள்ளவை. ஆள் பற்றாக்குறை மெய்தான், சிங்கப்பூரும் சவூதியும் நம் தாதியரை ஈர்க்கின்றன. ஆனால், இருக்கும் தாதியருக்குப் பயிற்சி தராமலிருக்க அது காரணமாகாது. 1991 மே 7இல் சுங்கை பூலோ பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் மாண்ட வட்டாரம் இது. ரவாங், கோல சிலாங்கூர் அரசு கிளினிக்குகளில் ஒவ்வொரு பணிமுறையிலும் தீக்காய, விபத்துக்காய அவசரப் பராமரிப்பில் தேர்ந்த தாதி ஒருவரேனும் இருப்பதைச் சுகாதார அமைச்சு கட்டாயமாக்க வேண்டும். அதற்கான ஒதுக்கீட்டை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே அறிவிக்க வேண்டும்.