உபாத்தியாயரின் ஊக்கம்

சென்னை–அரக்கோணம் இருப்புப் பாதையில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே இருப்பது அண்ணனூர். மின்சார ரயில் வண்டிகளைச் சீர்செய்யும் பணிமனை அங்கே உண்டு. அப்பணிமனையில் ஒரே வண்டியின் கீழ் ஒரே வேலையைச் செய்யும் இருவரில், ஒருவர் மே மாதம் 31-ந் தேதி வேலையில் சேர்ந்தவர், மற்றவர் மறுநாள் சேர்ந்தவர் என்ற ஒரே காரணத்தால், பின்னவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைத்துக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிலாளர் வாளாவிருப்பார்களா? ஆயினும் தமிழ்நாட்டு ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயர்களுக்கு நேர்ந்தது இதுவேயாகும்.

2009-ஆம் வருஷம் மே 31 வரை நியமனம் பெற்ற இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய் என்றும், ஜூன் முதல் தேதிக்குப் பின் வந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் வகுக்கப்பட்டது. வேலை ஒன்று, வகுப்பு ஒன்று, பாடப் புத்தகமும் ஒன்று. வித்தியாசம் 3,170 ரூபாய்தானே என்பார்க்கு ஒரு வார்த்தை: அகவிலைப்படியும் வருஷாந்தர உயர்வும் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுவதால், இக்குறை வட்டிக் கடன்போல் வளர்வது. 2018 டிசம்பரில் இவர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2021 சட்டசபைத் தேர்தலில் வாக்குறுதி கிடைத்தது. 2022 டிசம்பரில் மறுபடியும் உண்ணாவிரதம். 2023 ஜனவரியில் மூவர் குழு. அவ்வருஷம் செப்டம்பரில் மீண்டும் உண்ணாவிரதம். எழுத்தறிவிப்பவர் தெருவிலே பட்டினி கிடக்க, வகுப்பிலே ஊக்கத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? செப்டம்பர் 5-ந் தேதி தோறும் டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரால் சிலருக்கு விருது வழங்குகிறார்கள். நல்லதே. ஆனால் மாலை ஒரு நாளில் வாடிவிடுகிறது. சம்பளப் பட்டியலோ மாதந்தோறும் வருகிறது.

சம்பளத்தைக் கூட்டினால் குழந்தைகள் நன்றாகப் படித்துவிடுமா என்று சிக்கனவாதிகள் கேட்பார்கள். கேள்வி தள்ளத்தக்கதன்று. இந்தோனேசியாவில் 2005-ல் ஒரு சட்டம் செய்து, தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களின் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். உபாத்தியாயர்களின் மனக்குறை தணிந்தது. வேறு தொழில் தேடுவது குறைந்தது. குழந்தைகளின் கல்வியோ உயரவில்லை. நம் நாட்டிலும் 2003-ல் முன்னறிவிப்பின்றிப் பள்ளிகளைப் பார்த்தபோது, ஆசிரியரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் பள்ளியில் இல்லை. அதிகச் சம்பளக்காரர் ஒழுங்காக வந்தார் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. உபாத்தியாயர் எல்லோரும் உத்தமர் என்று நாம் வாதிக்க வரவில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சி மற்றொன்றும் கண்டது: கட்டடமும் வசதியும் நன்றாயிருந்த பள்ளிகளிலும், மேற்பார்வையாளர் அடிக்கடி வந்த பள்ளிகளிலும் வராதவர் தொகை குறைவு.

அப்படியானால் பலனைப் பார்த்துப் பணம் கொடுக்கலாமே என்பர் சிலர். 2005-ல் ஆந்திர தேசத்துக் கிராமப் பள்ளிகளில் அவ்விதம் சிறு வெகுமதி கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் கணிதத்திலும் மொழியிலும் முன்னேறியது மெய். ஆயினும் இங்கிலாந்து 1862-ல் இதே முறையைத் தேசம் முழுதும் புகுத்தி, பரீக்ஷை நாளுக்கென்று பிள்ளைகளைக் கிளிப்பிள்ளைகளாக்கி, அந்நூற்றாண்டு முடியுமுன் கைவிட்டது. பரீக்ஷைப் பலனுக்கு உதவிப்பணம் என்ற அம்முறையைப் பழைய சென்னை ராஜதானியும் அனுபவித்தறியும். ஆகவே நாம் இதில் அவசரப்படோம்.

இந்தோனேசியப் பாடத்தை இங்கே காட்டிச் சமசம்பளத்தை மறுப்பதை மட்டும் நாம் ஒப்போம். அங்கே பேச்சு, சம்பளம் எவ்வளவு என்பது. இங்கே பேச்சு, பக்கத்து வகுப்பு உபாத்தியாயருக்கு உள்ளது தனக்கு ஏன் இல்லை என்பது. முதலாவது பணப் பிரச்னை. இரண்டாவது மானப் பிரச்னை. பணம் ஊக்கத்தை உண்டாக்காமற் போகலாம். அவமதிப்பு இருக்கிற ஊக்கத்தை அழிக்கத் தவறுவதில்லை.

சம்பளத்தோடு காரியம் தீர்ந்துவிடாது. கணக்கெடுப்பு, பேரிடர் உதவி, தேர்தல் ஆகிய மூன்று தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு விதிக்கிறது. ஆனால் பள்ளிக்குள்ளேயே குமாஸ்தா வேலை புகுந்தால் சட்டம் என்ன செய்யும்? புள்ளிவிவரங்களைக் கைப்பேசியில் பதிவதிலேயே பாடவேளை கழிகிறதென்று ஆசிரியர் சங்கங்கள் நெடுங்காலம் முறையிட்டன. இரண்டே உபாத்தியாயர் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளியில், ஒருவர் கைப்பேசியில் குனிந்தால் பள்ளியில் பாதி நின்றுபோகும். நாலைந்து பள்ளிகளுக்கு ஒரு குமாஸ்தாவை நியமிக்கச் சர்க்காருக்கு ஆகும் செலவு பெரிதன்று. மேற்பார்வையாளரும் பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போகாமல், அரை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து ஒரு குழந்தையை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வரும் வரவு செலவுத் திட்டத்தில் இவற்றிற்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதைச் சட்டசபை அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் அவரவர் தொகுதியார் கேட்பார்களாக.