குற்றவாளி எந்த மாடியில்?

கொலைக் கதை! எங்கு திரும்பினாலும் கொலைக் கதை! கொட்டகைக்குப் போய்ச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் பஸ்ஸிலேயே, கைப்பேசியின் சின்னஞ்சிறு திரையில் பிணம் விழுகிறது, போலீசு வருகிறது, துப்புத் துலங்குகிறது. மாதச் சந்தா கட்டினால் போதும், நெட்ஃபிளிக்சும் அமேசானும் கொலைகளைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கற்பனைக் கொலைகள் போதவில்லை போலும்! உண்மையில் நடந்த கொலைகளும் தொடர்களாகிவிட்டன.

"பார்க்காதே, கெட்டுப்போவாய்" என்று உபதேசிக்கும் கூட்டத்தில் நாம் இல்லை. நாளெல்லாம் இயந்திரத்தோடு மல்லாடியவன் இரவில் ஒரு மணி நேரம் கதை பார்த்தால் அது குற்றமா? பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்! ஆனால், பார்க்கும்போது கையில் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளட்டும் என்கிறோம்.

"கொன்றவன் யார்?" என்று எல்லாத் தொடர்களும் கேட்கின்றன. கடைசிப் பகுதியில் ஒருவன் அகப்படுகிறான், கைவிலங்கு பூட்டப்படுகிறது, நாமும் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். "கொலை நடக்க விட்டவர் யார்? அதனால் ஆதாயம் அடைந்தவர் யார்?" என்று கேட்கும் தொடர்களோ மிகச் சில. அந்தச் சிலவற்றைத்தான் தோழர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

கொலைகாரனுக்கு மாலை

அமெரிக்காவிலே டாமர் என்றொருவன். 1978 முதல் 1991 வரை 17 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றவன். 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் அவன் கதையை 10 பகுதிகளாக வெளியிட்டது. உலகம் முழுவதும் 100 கோடி மணி நேரத்துக்கு மேல் அது பார்க்கப்பட்டது. கொலையுண்டவர்களின் குடும்பத்தார் சொன்னது என்ன? "எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்பதே! பிணம் அவர்கள் வீட்டுப் பிணம், வசூல் கம்பெனிக்கு!

அந்தக் கதையில் பார்க்கத்தக்க இடம் ஒன்று உண்டு. 1991 மே மாதம், 14 வயதுச் சிறுவன் ஒருவன் அவனிடமிருந்து தப்பித் தெருவுக்கு ஓடி வந்தான். அங்கிருந்த கறுப்பினப் பெண்கள் போலீசை அழைத்து, காப்பாற்றுங்கள் என்று மன்றாடினர். வந்த வெள்ளைப் போலீசார் அப்பெண்களை நம்பவில்லை. வெள்ளையனான கொலைகாரனை நம்பினர். சிறுவனை அவன் கையிலேயே ஒப்படைத்துச் சென்றனர். சிறுவன் மாண்டான். அதன் பின்னும் 4 பேர் மாண்டனர். ஏழையின் சொல்லுக்கு மதிப்பிருந்தால் 5 உயிர் தப்பியிருக்கும்! தொடர் இதைக் காட்டாமல் இல்லை. ஆயினும், தலைப்பிலே கொட்டை எழுத்தில் நிற்பது யார் பெயர்? கொலைகாரன் பெயர்!

எரிந்த ஆலையும் எரியாத அடுப்பும்

தமிழிலே வந்த 'சுழல்' தொடரைத் தோழர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். புஷ்கர்–காயத்ரி உருவாக்கி, 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வெளிவந்தது. சிமெண்ட் ஆலை, அங்கே வேலைநிறுத்தம், சங்கத் தலைவராகப் பார்த்திபன். ஓர் இரவில் ஆலை எரிகிறது. தலைவரின் மகள் காணாமற்போகிறாள். மயானக் கொள்ளைத் திருவிழாவின் முழக்கத்தினிடையே தேடுதல் நடக்கிறது.

பிள்ளைகளுக்கு ஆபத்து அயலானிடமிருந்து மட்டும் வருவதில்லை, அறிந்தவரிடமிருந்தும் வரும் என்று துணிந்து சொன்னதற்காக இத்தொடரைப் பாராட்டுகிறோம். பெற்றோர் யாவரும் பார்க்க வேண்டியது அது. ஆனால் ஒரு குறை! சங்கமும் போராட்டமும் கதையைத் தொடங்கிவைக்கத்தான் பயன்பட்டன. ஆலை எரிந்ததே, அங்கே உழைத்தவன் வீட்டு அடுப்பு மறுநாள் எரிந்ததா? அதை நின்று பார்க்கத் தொடருக்கு நேரமில்லை.

59 உயிரின் விலை

டில்லிக்கு வாருங்கள். 1997 ஜூன் 13. உபகார் சினிமாக் கொட்டகையில் 'பார்டர்' படம் ஓடுகிறது. கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தை ஒட்டியிருந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து தீ! புகை மேலேறி பால்கனியை நிரப்புகிறது. வழியை அடைத்துக்கொண்டு நின்றவை எவை தெரியுமா? கூடுதல் சீட்டு விற்பதற்காகப் போடப்பட்ட கூடுதல் நாற்காலிகள்! 59 பேர் மாண்டனர்.

17 வயது மகளையும் 13 வயது மகனையும் அங்கே பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதியர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய கதைதான் 'டிரையல் பை ஃபயர்'. 2023 ஜனவரியில் நெட்ஃபிளிக்சில் 7 பகுதிகளாக வந்தது. இதில் துப்பறியும் சூரன் இல்லை. கொலையாளி யார் என்ற மர்மமும் இல்லை. ஆனாலும் நெஞ்சு பதறுகிறது!

டிரான்ஸ்பார்மரைப் பழுதுபார்த்த மின்வாரியத் தொழிலாளி ஒருவரின் வீட்டுக்குள்ளும் இத்தொடர் நம்மை அழைத்துச் செல்கிறது. அங்கேதான் நம்மவர் உற்றுப் பார்க்க வேண்டும். சட்டத்தின் கை அந்த வாசலுக்கு எவ்வளவு விரைவாக வருகிறது! கொட்டகை உரிமையாளர்களான அன்சல் சகோதரர்கள் கதை என்ன? 2015-ல் உச்சநீதிமன்றம், மேலும் சிறையில் இருப்பதற்குப் பதிலாக ஆளுக்கு 30 கோடி ரூபாய் கட்டினால் போதும் என்றது. 2017-ல், இளையவர் மட்டும் ஓராண்டுத் தண்டனையின் மீதியை அனுபவிக்க வேண்டும் என்றது; மூத்தவருக்கு வயதைக் காட்டிச் சலுகை! வழக்கு ஆவணங்களைச் சிதைத்த குற்றத்துக்காக 2021-ல் இருவரும் மீண்டும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. இத்தொடர் வெளிவரக் கூடாதென்று மூத்தவர் டில்லி உயர்நீதிமன்றத்தை நாடினார், நீதிமன்றம் மறுத்தது. சுடும் கதையைத்தான் தடுக்கப் பார்ப்பார்கள், தோழர்களே!

நச்சுப்புகை

போபால்! 1984 டிசம்பர் 2, நள்ளிரவு. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் நச்சுவாயு ஊர்மீது பரவியது. குளிரூட்டும் பொறி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரம் இணைப்பற்றுக் கிடந்தது. செலவைச் சுருக்கினார்களாம்! 1981-லேயே அந்த ஆலையில் ஒரு தொழிலாளி நச்சுவாயுவுக்குப் பலியாகியிருந்தார். எச்சரிக்கை வந்தது, கேட்பார் இல்லை. ஆயிரக்கணக்கில் மாண்டனர்.

அன்றிரவு ரயில்வேத் தொழிலாளர் ஆற்றிய தொண்டே 'தி ரயில்வே மென்'. 2023 நவம்பரில் 4 பகுதிகளாக வந்தது. நிலையத்தில் நின்ற ரயிலை நேரத்துக்கு முன்பே புறப்படச் செய்து மக்களைக் காத்த குலாம் தஸ்தகீர் போன்ற வீரர்களை இன்றைய பிள்ளைகள் அறிய இது உதவும். ஆனால் கற்பனைக் கொள்ளைக்காரன் ஒருவனைப் புகுத்தியது எதற்கு? உண்மைக் கொள்ளைக்காரர் போதாதா? 2010-ல் அதிகாரிகள் 7 பேருக்குக் கிடைத்தது 2 ஆண்டுத் தண்டனை, அன்றைக்கே ஜாமீன்! கம்பெனியின் தலைவர் ஆண்டர்சனோ, இந்திய நீதிமன்றத்தின் கூண்டில் ஒருநாளும் ஏறாமலேயே 2014-ல் இறந்தார்.

"உனக்கு மட்டும்தான்"

இவை எல்லாவற்றிலும் நாம் முதலிடம் கொடுப்பது பிரிட்டனில் வந்த 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்' என்ற தொடருக்கு. 2024 ஜனவரியில் ஐடிவி 4 இரவுகள் ஒளிபரப்பியது. அதிலே பிணம் தேடும் போலீசு இல்லை, துப்பாக்கி இல்லை, கிராமத்துத் தபால் நிலையங்களும் ஒரு கம்ப்யூட்டரும்தான்!

1999 முதல், ஃபுஜிட்சு கம்பெனியின் 'ஹொரைசன்' என்ற கணக்கு முறையைக் கிளைத் தபால் நிலையங்களில் வைத்தார்கள். கணக்கில் துண்டு விழத் தொடங்கியது. தவறு இயந்திரத்தினுடையது. பழியோ கிளையை நடத்தியவர் மீது! துண்டு விழுந்தால் கைப்பணத்தைக் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். சேமிப்பு போயிற்று, வீடு போயிற்று, மானம் போயிற்று. 2015 வரையில் 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கப்பட்டனர். கருவுற்றிருந்த ஒரு பெண்ணையும் 2010-ல் சிறைக்கு அனுப்பினர். 13 பேரேனும் தற்கொலை செய்துகொண்டிருக்கக் கூடும் என்கிறது 2025-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை.

உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர் ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? "இப்படி வேறு யாருக்கும் இல்லை, உனக்கு மட்டும்தான்!" நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே பொய். தனியாக இருக்கிறோம் என்று நம்பியவர் தலைகுனிந்து பணம் கட்டினர், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஆலைகளிலும் பணிமனைகளிலும் மேலதிகாரி வாயிலிருந்து நீங்கள் கேட்ட அதே வாசகம் அல்லவா இது?

வேல்ஸ் நாட்டில் கிளை நடத்திய ஆலன் பேட்ஸ் பணம் கட்ட மறுத்தார். 2003-ல் ஒப்பந்தம் பறிபோனது. அவர் ஊர் ஊராகத் தம்மைப் போன்றோரைத் தேடினார். 2009-ல் ஒரு கிராம மன்றத்தில் பாதிக்கப்பட்டோர் கூடினர். "உனக்கு மட்டும்தான்" என்ற பொய் அந்த மண்டபத்திலேயே செத்தது! 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்து 2019-ல் வென்றனர். கிடைத்த 5 கோடியே 77 இலட்சம் பவுனில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போயிற்று. தொடர் வந்த பிறகுதான் நாடு கொதித்தது. 2024 மே மாதம், அந்தத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கப் பாராளுமன்றம் சட்டமே இயற்றியது.

நாடகம் சாதித்ததா? நாடகம் மட்டும் சாதிக்கவில்லை. 15 ஆண்டுகள் கலையாமல் நின்ற கூட்டம் இருந்தது. அதன் கதையை நாடகம் ஊருக்குச் சொன்னது. கூட்டம் இல்லாவிட்டால் சொல்லக் கதையே இல்லை!

தோழர்களே! திகில் தொடர் பாருங்கள். ஆனால் தனித்தனியாகக் கைப்பேசியில் மட்டும் பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை மன்றத்தில் பத்துப் பேர் கூடிப் பாருங்கள். பார்த்த பின் பேசுங்கள். மாண்டவர் பெயரைக் கதை சொன்னதா? எச்சரித்தவர் சொல் ஏன் ஏறவில்லை? மிச்சம் பிடித்த பணம் யார் பெட்டிக்குப் போயிற்று? தண்டனை கீழ்மாடியோடு நின்றதா, மேல்மாடிக்கும் ஏறியதா? இந்த நான்கையும் கேளுங்கள். கேட்டுப் பழகியவன், தன் ஆலையிலே விபத்து நடந்து, "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டும் நாளில், அதைப் படித்துவிட்டுப் பேசாமல் வீடு திரும்பமாட்டான்!