சித்திரத்துக்கு அஞ்சும் மூன்று அரசுகள்

2014ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பெய்ஜிங் நகரிலே ஓர் ஓவியரின் தனிக் கண்காட்சி ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. திறப்பு நாளன்றே சீனப் பொலிசார் அதை மூடிவிட்டனர். ஓவியர் அவசரம் அவசரமாகச் சியோலுக்குத் திரும்ப நேர்ந்தது. அவர் ஆயுதம் கடத்தவில்லை, கலகம் விளைவிக்கவுமில்லை. சுவரில் படங்களை மாட்டினார், அவ்வளவே!

சன் மூ என்பது அவருடைய இயற்பெயரன்று. எல்லைக் கோடு இல்லை என்று பொருள்படும் புனைபெயர் அது. தம் முகத்தையும் அவர் உலகுக்குக் காட்டுவதில்லை. வடகொரியாவில் விட்டுவந்த உறவினர் மீது பழி விழும் என்ற அச்சமே காரணம். அந்நாட்டுப் படையிலே பிரசார ஓவியராகப் பயிற்றப்பட்ட அவர், பஞ்சம் வாட்டிய 1998இல் எல்லை கடந்து சீனாவுக்குத் தப்பி, பின்னர் தென்கொரியாவை அடைந்து, ஹொங்கிக் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றார்.

புதிய பாணி எதையும் அவர் நாடவில்லை. அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட பொதுவுடைமைச் சுவரொட்டியின் செந்நிறத்தையும், ஒரே அளவாகப் புன்னகைக்கும் சிறுவர்களையும், ஒளிவீசும் தலைவரின் திருமுகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் கிம் யொங் இல்லுக்கு அவர் உடுத்தியதோ மேலைநாட்டு வணிகச் சின்னம் பொறித்த விளையாட்டு உடை! அனுமதி பெற்ற ஓவியரன்றி வேறெவரும் தலைவரின் உருவைத் தீட்டலாகாது என்னும் நாட்டிலே பிறந்தவர் செய்த வேலை இது. பொய்யைப் பொய்யென்று கூவாமல், அதற்கு அதன் உடையையே சற்று மாற்றி அணிவித்து அவையில் நிறுத்துவது அவருடைய முறை. நகைப்பது நம் பொறுப்பு.

வடகொரியா இதை வெறுப்பதில் வியப்பில்லை. அதன் அயல்நாடான சீனா முகங்கோணாதிருக்க விரும்புவதும் விளங்கக்கூடியதே. ஆனால், அவருக்குப் புகலளித்த தென்கொரியாவிலுங்கூட, 2008ஆம் ஆண்டு பூசான் கலைவிழாவில் அவர் வரைந்த கிம் இல் சுங் படம் அகற்றப்பட்டதே, அதற்கு என்ன சமாதானம்? வடக்கைக் கேலி செய்யும் படம் வடக்கைப் புகழ்வதாகிவிடும் என்றார்களாம்!

இந்த அச்சத்தின் வேர் 1948ஆம் ஆண்டின் தேசிய பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதன் ஏழாம் பிரிவின்படி எதிரியைப் புகழ்தல் குற்றம். ஏழாண்டு வரை சிறை. அச்சட்டம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஷின் ஹக் சூல் என்ற ஓவியரின் வழக்கே போதும். நமது கமக்காரர் இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் வழக்குப் பொருள் நாற்று நடுகையைப் பற்றிய ஓவியம். கீழ்ப்பாதியில் வயலை உழும் உழவன் தாங்கிகளையும் அணுகுண்டுகளையும் அமெரிக்க, யப்பானியத் தலைவர்களையும் சொந்த நாட்டு ஜனாதிபதியையும் குப்பையாக வாரித் தள்ளுகிறான். மேற்பாதியில் விளைச்சல் கண்டு மகிழும் ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் அரசாங்க வழக்குரைஞர் கண்டது வடகொரியாவை! ஷின் 1989இல் கைதானார். 1992இல் விடுதலையாகி, 1994இல் மேன்முறையீட்டிலும் வென்றார். 1998இல் அதியுயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. மறுவிசாரணையில் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது, ஓவியமோ பறிமுதல்.

எந்த ஆபத்து நேரவிருந்தது என்று காட்ட அரசு தவறியதென 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு கூறிற்று. தீர்ப்பை இரத்துச் செய்து, ஓவியத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது. பூசானில் சன் மூவின் படத்தைக் கழற்றியது அதற்கு நான்காண்டுகளின் பின்! 2023இலும் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏழாம் பிரிவு செல்லுபடியாகும் என்றே தீர்த்தது.

ஷின்னின் ஓவியம் 2018இல் வழக்குரைஞரின் காப்பறையிலிருந்து வெளியே வந்தது. போய்ச் சேர்ந்த இடம் அரசாங்கக் கலைக்கூடம்; ஓவியரின் வீடன்று.